பிணந்தின்னி என்று சொல்லாதீர்கள்

கேள்வி: முப்பது வருஷமாக எங்கள் பக்கம் ஒரு பிணந்தின்னிக் கழுகைக்கூடப் பார்க்கவில்லை. யாரும் அதற்காக அழவும் இல்லை. அதைக் காப்பாற்ற அரசாங்கம் கமிட்டி போட்டுச் செலவு செய்வது தேவைதானா? நமக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், சீர்காழி

பதில்: லாபத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் 'பிணந்தின்னி'. இந்தச் சொல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வரும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கருடன் கோழிக்குஞ்சைத் தூக்கினாலும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். செத்த மாட்டைச் சுத்தம் செய்து கொடுக்கிற பறவைக்கு மட்டும் வசவையே பெயராக வைத்திருக்கிறோம். அதற்குப் பாறு என்று சங்கப் பாட்டுக் காலத்துப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். பாறு பற்றிய செய்திக்கு வெள்ளைத் தலை அமெரிக்கக் கழுகின் படத்தைப் போடுகிற பத்திரிகைகளோடும் எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை.

அதுவும் கேட்டிருப்பது சீர்காழிக்காரர்! பக்கத்திலிருக்கிற வைத்தீஸ்வரன் கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். அந்தப் புள் யார்? சடாயு. சடாயு குண்டத்துத் திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டுதானே வெளியே வருகிறோம்? கும்பகோணத்துக்குப் பக்கம் திருப்புள்ளம்பூதங்குடியில் கேட்டால், ராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்தது எங்கள் ஊரில்தான் என்பார்கள். இதை முன்பு ஒரு தடவை இங்கே எழுதப்போய், இரண்டு பக்கத்து வாசகர்களும் மாதக்கணக்கில் கடிதம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. ஒரு பறவைக்குத் தகப்பன் ஸ்தானம் கொடுத்துக் கொள்ளி வைத்த கதைக்கு இரண்டு ஊர் உரிமை கொண்டாடுகிற சீமை இது. இங்கிருந்து 'யாரும் அழவில்லை' என்று எழுதுகிறீர்களே!

எங்கள் ஊரில் செத்த மாட்டை வெண்ணாற்றங்கரைத் திடலில் போடுவார்கள். தோலை உரித்துக்கொண்டு போனதும் வானத்தில் ஒரு புள்ளி தெரியும், அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியாது. இறங்கியதும் பாதி விரித்த சிறகோடு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். சிறகு தூக்கும்போது முதுகில் வெள்ளை தெரியும். பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிச்சம். வயிறு முட்டத் தின்றது பறக்க முடியாமல் வரப்பு வரை ஓடி ஓடி எழும்பும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாட்டை இழுத்துக்கொண்டு வந்து போட்ட மனிதர்களையும் ஊர் அப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது. வேலையை வாங்கிக்கொண்டு, அந்த வேலைக்காகவே ஒதுக்கி வைப்பது நம் ஊர்களுக்குப் பழகிப்போன அநியாயம். 'பிணந்தின்னி' என்ற சொல்லிலும் எனக்கு அந்த வாடைதான் வருகிறது.

சரி, பாறுகள் எங்கே போயின? வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் கொன்றது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து இறைச்சியிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் கெட்டுப்போகும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரே மாட்டில் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற பறவை என்பதால், நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே அந்த இனத்தை அழிக்கப் போதும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், எப்படி ஈடுகட்டும்? 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது. 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. அதற்கப்புறமும் மனிதருக்கான பெரிய புட்டியை மாட்டுக்கென்று கேட்டு வாங்கிப் போனதை ஒரு மருந்துக்கடையில் நானே பார்த்தேன். அந்தப் பெரிய புட்டியை 2015இல்தான் நிறுத்தினார்கள்.

இப்போது லாபம். பாறு போன இடத்துக்கு நாய் வந்தது, நாயோடு வெறிநோய் வந்தது. செத்த மாடுகள் அழுகித் தண்ணீரில் கலந்தன. பாறுகள் இல்லாமல் போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள் என்று இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2024இல் கணக்குப் போட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் செத்துக் கிடந்த ஆடு மாடுகளை நினைத்துப் பாருங்கள். குழி வெட்ட ஆளும் இயந்திரமும் கிடைக்காமல் எத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்!

தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவை நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அங்கே வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது ஓடைக்கரை நீர்மத்தி மரத்தில். நீர்மத்தி வேறு ஒன்றும் இல்லை, நம் மருதமரம்தான். திருவிடைமருதூரின் தலமரம். மரம் இங்கேயும் நிற்கிறது, மாடும் நிற்கிறது.

அடுத்த தடவை உங்கள் மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெலாக்சிகாம் கேளுங்கள். அது மாட்டுக்கும் கேட்கும், பாறுகளையும் கொல்லாது.