இன்சுலினும் தைராய்டு மாத்திரையுமாக இங்கிலாந்து வருகிறவர்களுக்கு

வணக்கம் தம்பி. வேலை விசாவில் பர்மிங்காம் வரப்போகிறீர்கள், மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின், கூடவே தைராய்டு மாத்திரை. ஆறு மாத மருந்தை ஊரிலேயே வாங்கி வந்துவிடலாமா, இங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மருந்து விஷயம் எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு வாங்கி வாருங்கள். மருந்து இங்கே கிடைத்துவிடும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற விவரத்தை உங்களைத் தவிர வேறு யாரும் தர முடியாது.

முதலில் இன்சுலின். இதை நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட, 40 வரை கோடுள்ள சிரிஞ்ச். இங்கே வழக்கத்தில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். ஆக்ட்ராபிட் என்ற இன்சுலின் பெயர் இரண்டு நாட்டிலும் உண்டு, அடர்த்திதான் வேறு. ஊர் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி. இங்கத்திய குப்பியிலிருந்து அதை இழுத்துப் போட்டால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி நினைவே தப்பிவிடும். தலைகீழாக, ஊர் குப்பியிலிருந்து இங்கத்திய சிரிஞ்சில் 20 இழுத்தால் உண்மையில் போவது 8 யூனிட்தான். டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவருக்கு ஓரிரு நாளிலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வரும். ஆகவே ஊர் குப்பியும் ஊர் சிரிஞ்சும் ஒரே பையில் சேர்ந்தே இருக்கட்டும். இங்கத்திய இன்சுலின் கைக்கு வந்த அன்றே ஊர் சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். இங்கே பெரும்பாலும் இன்சுலின் பேனாதான் தருவார்கள். பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது.

யாருக்காவது அளவை எழுதிக் கொடுத்தால் “யூனிட்” என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் பக்கத்தில் போட்டால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். இது உலகம் முழுக்க நடந்திருக்கிற தவறு. இங்கே பல ஆஸ்பத்திரிகளின் இன்சுலின் சார்ட்டில் அந்தச் சொல்லை அச்சிட்டே வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

சர்க்கரை மீட்டரின் அளவும் மாறும். ஊரில் 180 என்று காட்டுவது இங்கே 10. ஊர் எண்ணை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய அளவில் 4-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7 சதவீதம் என்று ஊர் ரிப்போர்ட்டில் இருந்தால் இங்கே 53 என்று சொல்வார்கள், பயப்பட வேண்டாம்.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் உறைந்துபோக வாய்ப்பு உண்டு, உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் பயன்படாது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயரும் இருக்கட்டும். தைராய்டு மாத்திரையைத் தைரோநார்ம் என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் புரியாது, லெவோதைராக்சின் என்றால் புரியும். ஊரில் 88 மைக்ரோகிராம் மாத்திரை கிடைக்கிறது. இங்கே வழக்கமாகக் கிடைப்பவை 25, 50, 100. அதனால் ஜி.பி. (இங்கத்திய குடும்ப டாக்டர்) அளவைக் கொஞ்சம் மாற்றித் தரலாம். புது டப்பா வந்த பிறகு பழையதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, பெயர் வேறானாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான்.

நம்ம ஊர் மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று கொடுப்பார்கள். அப்படிக் கத்தரித்த துண்டில் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி இருக்கவே இருக்காது. இங்கே எந்த ஃபார்மசிஸ்டும் அதை நம்பிப் பயன்படுத்த மாட்டார். முழு அட்டையாக, அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள்.

வந்த வாரமே ஜி.பி.யிடம் பதிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு. ஆனால் இன்சுலின் போடுகிறவருக்கும் தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் எடுப்பவருக்கும் விலக்கு உண்டு. ஜி.பி. கிளினிக்கில் எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கள். சான்றிதழ் வந்ததும் எல்லா மருந்துமே இலவசம். பலர் இது தெரியாமலே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ஆஸ்பத்திரி. சேர்த்த 24 மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் வார்டு ஃபார்மசிஸ்ட், வந்து, வீட்டில் எடுத்த மருந்தையும் வார்டு சார்ட்டில் எழுதியிருப்பதையும் ஒப்பிட வேண்டும் என்பது இங்கத்திய வழிகாட்டுதல். வழக்கமாக ஜி.பி. பதிவை கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றுமே இருக்காது, கேட்பது உங்களைத்தான். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், இன்சுலின் பேனா உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சரிபார்த்துவிட்டுப் படுக்கைக்குப் பக்கத்தில் உள்ள பூட்டு அலமாரியில் வைப்பார்கள். பாகற்காய்ப் பொடி, சித்த மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். செந்தூரம், பற்பம் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும்.

“அந்த ஊசி ஒத்துக்காது” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மருந்து, போட்ட எத்தனை நேரத்தில், தடிப்பா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா, வெறும் வயிற்றுப்போக்கா? வயிற்றுப்போக்கைப் பெனிசிலின் அலர்ஜி என்று பதிந்துவிட்டால் நல்ல ஆன்டிபயாட்டிக் ஒன்று காலத்துக்கும் கைவிட்டுப் போகும்.

வார்டில் இருக்கும்போது வீட்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நர்ஸும் கொடுப்பார், இரட்டிப்பாகிவிடும். அதேநேரம், வாந்தி, சாப்பிடவில்லை என்று சொல்லி நீண்டநேர (அடிப்படை) இன்சுலினை யாராவது நிறுத்தினால் விடாமல் கேளுங்கள், “டைப் 1, அடிப்படை இன்சுலின் நிற்கக் கூடாது” என்று. இதைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை, இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் கிடையாது.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் போகலாம் என்பார்கள், மருந்து வர மாலையாகும். டாக்டர் எழுதி, ஃபார்மசிஸ்ட் சரிபார்த்து, மருந்தகத்தில் எடுத்து, மறுபடி ஒருவர் பார்த்துத்தான் பை வரும். பொறுமையாக இருங்கள். பை வந்ததும் புதிது எது, அளவு மாறியது எது, நிறுத்தியது எது என்று மூன்றையும் கேட்டு, கடிதத்தில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திய மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால் பக்கத்து ஃபார்மசியில் கொடுத்துவிடலாம், அவர்கள் அழித்துவிடுவார்கள். கடிதத்தில் மருந்தகத் தொலைபேசி எண் இருந்தால், சந்தேகம் வந்த அன்றே கூப்பிட்டுக் கேட்கலாம்.