டைனோசர்களை மறுபடியும் உருவாக்கி தீம் பார்க் நடத்தினால் அது பாதுகாப்பாக இருக்குமா?

இருக்காது. உயிருள்ள டைனோசர் வரைக்கும் போக வேண்டாம், ரப்பர் டைனோசரையே நம்மால் ஒழுங்காக நடத்த முடியவில்லை. அதற்கு நான் சாட்சி. சாட்சி என்றுகூடச் சொல்லிவிட முடியாது, பாதிக் குற்றவாளி.

கேள்வி கேட்டவர் அநேகமாக லீவில் பிள்ளையோடு உட்கார்ந்து டிவியில் ஜுராசிக் பார்க் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முடிந்ததும் பையன், "அப்பா, நெஜமாவே செஞ்சா நாமளும் போலாமா?" என்று கேட்டிருப்பான். என் மகளும் நாலாவது படிக்கும்போது இதையேதான் கேட்டாள். இப்போது காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். கீழே வரும் விஞ்ஞானமெல்லாம் அவள் சொன்னது, கரண்ட் சமாசாரம் மட்டும் என்னுடையது. எனக்கு கடலூர், திருப்பாப்புலியூர். ஐடிஐ முடித்து இருபத்தாறு வருடமாக எலெக்ட்ரீஷியன். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் சண்டைக்கு வரக்கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உருவாக்கவே முடியாது என்பதுதான் மகளின் கட்சி. உருவாக்க அதன் டிஎன்ஏ வேண்டும், அது அவ்வளவு காலம் தாங்காதாம். நியூசிலாந்தில் மோவா என்று ஒரு பெரிய பறவை இருந்து அழிந்துபோனது. அதன் 158 எலும்புகளை ஆராய்ந்து 2012ல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எலும்புகளில் 521 வருடத்துக்கு ஒரு தடவை டிஎன்ஏ பாதியாகிக்கொண்டே வருகிறது. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. குளிர்ந்த இடமாக இருந்தால் கூடக் கொஞ்சம் தாங்கும். இதுவரை கிடைத்ததிலேயே பழைய டிஎன்ஏ கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து எடுத்தது, வயது சுமார் 20 லட்சம் வருடம். டைனோசர் அழிந்து 6 கோடியே 60 லட்சம் வருடம் ஆகிறது. மரப்பிசினுக்குள் மாட்டிய பூச்சி என்று படத்தில் காட்டுவார்களே, அதிலிருந்து எடுத்துவிட்டோம் என்று 90களில் சிலர் சொன்னது பிறகு யார் செய்து பார்த்தாலும் வரவில்லை.

எலும்பாவது மிச்சம் இருக்கிறதே என்பீர்கள். பாண்டியிலிருந்து திருவக்கரை பக்கம்தான். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். சுமார் 2 கோடி வருடத்து மரங்கள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை தெரியும், வளையம் தெரியும், தட்டினால் ணங் என்கும். அந்தப் பாறை வகைக்குப் புவியியல்காரர்கள் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குக் கிடைத்த ஒரே உலகப்புகழ் அதுதான், மற்றதெல்லாம் புயல் வரும்போது மட்டும். அங்கே வைத்துத்தான் மகள் கேட்டாள், "இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துனா துளிர்க்குமாப்பா?" டைனோசர் எலும்பும் அப்படித்தானாம். வடிவம் எலும்பு, சரக்கு கல். 2009ல் அரியலூர், செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கொத்தாகக் கிடைத்தன. அவற்றை யாரும் அடைக்கு வைக்கவில்லை.

2025ல் ஒரு அமெரிக்கக் கம்பெனி அழிந்துபோன ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்றது. செய்தது என்னவோ, இப்போதுள்ள சாம்பல் ஓநாயின் மரபணுவில் இருபது இடங்களில் கை வைத்ததுதான். ஸ்பெயினில் புக்கார்டோ என்ற மலையாடு 2000ல் அழிந்தது, 2003ல் குளோனிங் செய்தார்கள், குட்டி நுரையீரல் கோளாறால் சில நிமிடத்தில் செத்தது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது, மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள்.

சரி, ஒரு பேச்சுக்கு எப்படியோ உருவாக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2018 மே மாதம் பாண்டியில் ஒரு கோடைப் பொருட்காட்சி. எந்தத் திடல், நடத்தியது யார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். இருபத்தைந்து நாள் கான்டிராக்ட், கரண்ட் வேலை முழுக்க என் பொறுப்பு. (கடலூர்க்காரன் பாண்டியில் வேலை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். சொந்தக்காரன் கல்யாணத்தில்கூட "என்ன மாப்ள, டெய்லி பாண்டியாமே" என்று கண்ணடிக்கிறான். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. காலையில் டூல்ஸ் பையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ராத்திரி நின்றுகொண்டே வருகிறவனிடம் திரும்பும்போது பையைத் திறந்து காட்டு என்பார்கள், உள்ளே கட்டிங் பிளேயர் இருக்கும். அதை விடுங்கள்.)

அந்தப் பொருட்காட்சியில் ஏழு டைனோசர்கள். சீனாவில் ஸிகோங் என்று ஒரு ஊர், நிஜ டைனோசர் எலும்புக்கு மியூசியமும் இருக்கிறது, இந்த மாதிரி அசையும் பொம்மை செய்வதும் அங்கே பெரிய தொழில். உள்ளே இரும்புச் சட்டம், அதன் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் சிலிக்கான் ரப்பர் பூச்சு. கழுத்தைத் திருப்புவதும் வாயைத் திறப்பதும் கார் வைப்பர் மோட்டார் மாதிரி சின்ன மோட்டார்கள், 24 வோல்ட். எதிரில் ஆள் வந்தால் சென்சார் பார்த்து ஆட ஆரம்பிக்கும், உறுமல் ஸ்பீக்கரில். பெரியது டைரனோசரஸ், இருபதடி நீளம். கடிக்கத் தெரியாத, நகரத் தெரியாத பிராணி. இதைவிடப் பாதுகாப்பான டைனோசரை எந்த விஞ்ஞானியாலும் செய்ய முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடை மழை பத்து நிமிடம் அடித்துவிட்டு நின்றது. மழை விட்டதும் ஜனம் திமுதிமுவென்று வந்துவிட்டது. டைரனோசரஸ் லைனைப் போட்டால் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைத்துவிடும் சுவிட்ச்) விழுகிறது. மறுபடி தூக்கினேன், விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தது. ஈஎல்சிபி விழுந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம், ஐடிஐ முதல் வருடப் பாடம். "சார், அரை மணி நேரம் குடுங்க, கேபிள் ஜாயின்ட்டெல்லாம் பாத்துடறேன்" என்றேன். மேனேஜர் கேட்டைக் காட்டினார். "முந்நூறு டிக்கெட் வெளிய நிக்குது தம்பி. டைரக்ட்டா குடுத்துடுங்க, காலைல பொறுமையா பாத்துக்கலாம்."

குடுத்தேன். ஒரு ஜாண் வயரில் ஈஎல்சிபியைத் தாண்டி நேராகக் கொடுத்தேன். அவர் சொன்னார், நான் செய்தேன் என்று இப்போது எழுதலாம். ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடித்த கை என்னுடையது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். டைனோசருக்கு முன்னால் இரும்புப் பைப்பில் தடுப்பு. பிள்ளைகள் கிட்டே போய்விடக்கூடாது என்று வைத்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். டைனோசர் தலையைத் திருப்பி வாயைத் திறந்து உறுமியது. பையன் வீறிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பா மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. பயந்துதானே கத்துகிறான் என்று நினைத்தோம். அப்புறம்தான் அவன் விரல்களைப் பார்த்தேன். பயந்த பிள்ளை கையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவான். இவன் விரல்கள் பைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன, முழங்கை வெடவெட என்று ஆடியது.

மெயின் போர்டு எட்டடி தூரம். இழுத்தேன். எல்லாம் அணைந்துவிட்டது. டைரனோசரஸ் பாதி வாயோடு நின்றது. திடல் முழுக்க இருட்டு, கத்தல், எல்லோரும் வந்த வழியிலேயே முட்டுகிறார்கள். இன்னொரு கேட் இருந்தது, டிக்கெட் இல்லாமல் யாரோ நுழைகிறார்கள் என்று முந்தின நாள் பைண்டிங் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டிங் பிளேயரால் அதை வெட்டித் திறந்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். கை மரத்துப்போய், உதடு வெளுத்து, கொஞ்ச நேரம் பேசவில்லை, அவ்வளவுதான். அவன் அம்மா வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டார். "புள்ளய கொல்லப் பாத்தீங்களாய்யா?" என்றார். வாங்கிக்கொண்டேன். மேனேஜரைக் காணவில்லை.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், டேப் சுற்றிய கேபிள் ஜாயின்ட் ஒன்று ஈரப் புல்லில் கிடந்து தடுப்புப் பைப்பின் காலில் உரசிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு எர்த்தும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டியவன் நான்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கமெண்ட்டில் வந்து "ரப்பர் பொம்மையும் நிஜ டைனோசரும் ஒன்றா, வெளிநாட்டில் இப்படியெல்லாம் நடக்காது" என்று எழுதப்போகிறவர்களுக்கு: நடக்கும். 2007 கிறிஸ்துமஸ் அன்று சான்பிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலையில் புலி ஒன்று வெளியே வந்து ஒருவரைக் கொன்றது. சுவர் 18 அடி என்று பூங்கா தரப்பில் முதலில் சொன்னார்கள். டேப் வைத்து அளந்தால் சுமார் 12½ அடி. இருக்க வேண்டியது 16 அடிக்கு மேல். அத்தனை வருடம் எந்தப் புலியும் தாண்டவில்லை, அதனால் யாரும் அளக்கவில்லை. ஈஎல்சிபியைத் தாண்டிக் கொடுத்த பிறகு அந்தக் கால் மணி நேரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்று.

மின்வேலி போட்டால் போதாதா என்பீர்கள். முறையான சோலார் வேலியில் கரண்ட் தொடர்ந்து ஓடாது, நொடிக்கு ஒரு துடிப்பு மாதிரி விட்டு விட்டு வரும், சுண்டிவிட்டு விடும். யானை அதற்கே வழி கண்டுபிடித்துவிட்டது. தந்தத்தில் கரண்ட் பாயாது என்று தெரிந்து தந்தத்தால் கம்பியை அறுக்கிறது, மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்க்கிறது. டைனோசருக்கு எவ்வளவு மூளை என்று நாம் யாரும் பழகிப் பார்த்ததில்லை. தவிர, மின்வேலிக்குக் கரண்ட் வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பதினெட்டு நாள் ஆனது. டீசலுக்கு கியூ. அந்தப் பதினெட்டு நாளில் டைரனோசரஸை யார் வீட்டுக் கொல்லையில் கட்டிப்போடுவது?

எங்கள் மாவட்டத்தில் டைனோசரின் சொந்தக்காரனே இருக்கிறான், முதலை. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் என் மாமனார் ஊர். வெள்ளத்தில் வாய்க்கால் வழியாக முதலை ஊருக்குள் வரும், வனத்துறை வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவார்கள், அது அங்கே வழக்கமான செய்தி. குளிக்கிற படித்துறையில் ஊர்க்காரர்கள் மூங்கில் தட்டி அடித்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதானே மாமா என்றேன். "என்னத்த நல்ல ஏற்பாடு மாப்ள, தட்டி இருக்குங்கற தைரியத்துல புள்ளைங்க இன்னும் ரெண்டு படி கீழ எறங்குதுங்க" என்றார்.

போன ஏப்ரலில் அதே மேனேஜரிடமிருந்து போன். இந்தத் தடவை பத்து டைனோசராம், ஒன்று தண்ணீர் வேறு பீச்சுமாம். "தம்பி, நீங்கதான் நம்ம ஆளு" என்றார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈஎல்சிபி, தடுப்புக்கெல்லாம் எர்த், மழை வந்தால் நான் நிறுத்துவேன், யாரையும் கேட்க மாட்டேன், சம்மதமா என்றேன். "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் தம்பி" என்றார். 2018 பாக்கி 6,500 ரூபாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.