பழைய ஸ்கூபா கம்ப்ரசரை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: ஸ்கூபா சிலிண்டரில், அதாவது தண்ணீருக்கடியில் மூழ்குபவர்கள் சுவாசிக்கும் சிலிண்டரில், காற்று நிரப்பும் மூன்று நிலை கம்ப்ரசர் (காற்றை மூன்று படிகளில் அழுத்துவது) ஒன்று விலைக்கு வருகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஓடுவது. பத்து வருடமாக ஓடவில்லையாம். புதியதன் விலையில் சிறு பங்குதான் கேட்கிறார்கள். எஞ்சின் வேலை எனக்குத் தெரியும். வாங்கிச் சரிசெய்யலாமா?

பதில்: சரிசெய்யலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் தகட்டில் உள்ள மாடலையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, ரிங், வால்வு, ஃபில்டர் எல்லாம் இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் பலவந்தம் வேண்டாம். கடைசி நிலை பிஸ்டன் சிறியது, இடைவெளியே இல்லாமல் பொருந்தியிருப்பது. அதில் துருப் பிடித்திருந்தால் பிஸ்டனையும் அதன் குழலையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும், செலவு அங்கேதான் ஏறும். ஓடும்போது நிலைகளுக்கு நடுவே உள்ள சேஃப்டி வால்வு ஊதினால், உடனே அதைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அடுத்த நிலையின் வால்வு கசிந்து, காற்று பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

எனக்குக் கவலை தருவது, காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் உள்ளே இருக்கும் குழாய். 200, 300 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அதற்குள் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே உலோகம் களைத்துப்போகும். பத்து வருடம் உள்ளே நின்ற ஈரம் அரித்தும் இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவு இல்லாத குழாயை நம்பவே கூடாது; வெடித்தால் ஆளைக் கொல்லும். அதையும் நிரப்பும் ஹோஸையும் புதிதாகப் போடுங்கள். அந்தச் செலவையும் இப்போதே விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் வழுக்குவது ஆயிலில்தான். வண்டிக்கு ஊற்றும் ஆயில் இங்கே ஆகாது, சுவாசக் காற்றுக் கம்ப்ரசருக்கென்று தயாரித்ததுதான் வேண்டும். சூட்டில் ஆயில் கருகினால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். பெட்ரோல் எஞ்சினின் புகை காற்று உறிஞ்சும் வாய்க்குள் போனாலும் அதே விஷம்தான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு. அதனால் காற்றில் இந்த விஷம் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலும் உடலுக்கு அது 40 பங்கு போல. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 12021 அனுமதிப்பதே 5 பங்குதான். முடிந்தால் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டார் பொருத்துங்கள் என்பேன். முடியாவிட்டால் உறிஞ்சும் குழாயை நீட்டி, புகைக்கு எதிர்த் திசையில், காற்று வரும் பக்கம் உயரமாக வையுங்கள்.

ஃபில்டருக்குள் இருக்கும் ஹாப்கலைட் என்ற வேதிப்பொருள் இந்த விஷத்தைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும், உண்மைதான். ஆனால் ஈரம் பட்டால் அது செத்துப்போகும். ஆகவே ஓடும்போது 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தேங்கிய தண்ணீரைத் திறந்து விடுங்கள்.

எல்லாம் முடிந்து இயந்திரம் அழகாக ஓடினாலும், நிரப்பிய காற்றை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு கைக்கு வரும்வரை அந்தச் சிலிண்டருடன் தண்ணீரில் இறங்காதீர்கள்.