படகுக் கழிவுத்தொட்டி நாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: படகு டாய்லெட்டின் கழிவுத்தொட்டியைக் காலி செய்த இரண்டே நாளில் மறுபடி அழுகிய முட்டை வாடை. என்ன மருந்து ஊற்றலாம் சார்?

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் வென்ட் குழாயை, அதாவது தொட்டிக்குள் காற்று போய்வரும் குழாயைப் பாருங்கள். காற்று கிடைத்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா கரியமில வாயுவைத்தான் வெளியிடும். அதற்கு வாடையே கிடையாது. காற்றுப் போகாத தொட்டியில் வேறு வகை பாக்டீரியா பெருகி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அந்த முட்டை வாடை அதுதான். பல படகுகளில் வென்ட் விரல் பருமன்தான், போதாக்குறைக்கு நாலு வளைவு வேறு. 25 மி.மீ. குழாயாக மாற்றி, முடிந்தவரை குட்டையாக, தண்ணீர் தேங்கப் பள்ளம் இல்லாமல் மேல்நோக்கியே கொண்டுபோங்கள். இடமிருந்தால் தொட்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள்.

வெளிப்பக்க வாயையும் பாருங்கள். பூச்சி கூடு கட்டியிருக்கும், உப்பு படிந்திருக்கும். தொட்டியை நிரம்பி வழிய விட்டிருந்தால் கழிவே ஏறி அடைத்திருக்கும். தொட்டி காலியாக இருக்கும்போது வெளியிலிருந்து நன்னீர் பாய்ச்சினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அடைப்போடு கழிவை உறிஞ்சி எடுத்தால் தொட்டியே உள்வாங்கி விரிசல் விடலாம்.

கேள்வி: ப்ளீச்?

பதில்: வேண்டவே வேண்டாம். நல்ல பாக்டீரியாவும் சாகும், ரப்பர் வால்வும் கெடும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வென்ட் சரியாக இருக்கிறது, தொட்டியில் கசிவும் இல்லை. அப்படியும் அறையில் லேசான வாடை.

பதில்: டாய்லெட்டிலிருந்து தொட்டிக்குக் கழிவு போகும் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸில் சுற்றுங்கள். ஆறியதும் துணியை எடுத்து முகர்ந்து பாருங்கள். வாடை ஏறியிருந்தால் ஹோஸின் சுவர் வழியாகவே நாற்றம் ஊறி வருகிறது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கழிவு தேங்கும் தாழ்வான இடங்களில்தான் இது முதலில் தெரியும்.

கேள்வி: ஒரு வாரம் கழித்துப் போனால் முதல் ஃப்ளஷில் மட்டும் குப்பென்று நாறுகிறது.

பதில்: இதற்கும் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. ஃப்ளஷுக்குக் கடல்நீர் வரும் குழாயில் தங்கிய நுண்ணுயிர்கள் செத்து அழுகிய வாடை. வாஷ்பேசின் வடிகாலை அந்தக் குழாயோடு இணைத்துவிடுங்கள். கிளம்பும் முன் கடல்நீர் வால்வை மூடி, பேசினில் நன்னீர் நிரப்பி, டாய்லெட் பம்ப்பை அடித்தால் குழாய் முழுக்க நன்னீராகிவிடும். குடிநீர்க் குழாயை மட்டும் டாய்லெட்டோடு நேரடியாக இணைக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் எத்தனை தடவை பம்ப் அடிக்க வேண்டும்?

பதில்: தொட்டிக்குப் போகும் ஹோஸின் நீளத்தைப் பொறுத்தது. 38 மி.மீ. ஹோஸ் மீட்டருக்கு 1.1 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் என்றால், கழிவு தொட்டிக்குப் போய்ச் சேரவே மூன்றரை லிட்டர் வேண்டும். பாதியில் நிறுத்தினால் அது ஹோஸிலேயே தங்கும். தங்கிய சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து உள்ளே கல் போலப் படியும், பம்ப்பும் இறுகும். படிவு லேசாக இருக்கும்போதே அவ்வப்போது வினிகர் விட்டு, அப்புறம் நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். முற்றிவிட்டால் ஹோஸைக் கழற்றித் தரையில் அடித்து உதிர்க்க வேண்டியதுதான்.