இளநீர் புட்டிங் ஏன் திட்டுத் திட்டாகிறது?

கேள்வி: வெயிலுக்கு இதமாக இளநீர் புட்டிங் செய்தேன். கொதித்த சைனா கிராஸில் ஃப்ரிட்ஜ் இளநீரை ஊற்றியதும் திட்டுத் திட்டாகிவிட்டது. கட்டிகளை வடிகட்டி எறிந்தேன். மிச்சம் உறையவே இல்லை. ஜெலட்டினுக்கு மாறலாமா?
- வாசகி, திருச்சி

மாற வேண்டாம். சைனா கிராஸ் என்கிற கடல்பாசிமேல் தப்பில்லை, இளநீர் ஜில்லென்று இருந்ததுதான் காரணம். 40 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கினாலே பாசி உறையத் தொடங்கிவிடும். குளிர்ந்த இளநீர் பட்ட இடமெல்லாம் அங்கேயே கட்டியாகிவிட்டது. நீங்கள் வடிகட்டி எறிந்தது பாசியைத்தான், அப்புறம் மிச்சம் எப்படி உறையும்?

எங்கள் கீழக்கரைப் பக்கம் நோன்பு மாதத்தில் கடல்பாசி அடிக்கடி செய்வோம். உம்மா 10 கிராம் பாசியை நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, அதே தண்ணீரோடு சிறுதீயில் கொதிக்க வைப்பார். ஓர் இழைகூடக் கண்ணில் படக் கூடாது. அவசரப்பட்டு முன்னதாக இறக்கினால் வாயில் நார் நாராகத் தட்டும். கரைந்ததும் சர்க்கரை சேர்த்து இறக்கி, கொதி அடங்கியதும் அரை லிட்டர் இளநீரை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இளநீர் வெளியிலேயே இருந்ததாக இருக்கட்டும். அதைக் கொதிக்க விட்டால் மணம் போய்விடும். பொடியாக நறுக்கிய வழுக்கையைத் தட்டில் பரப்பி, மேலே ஊற்றுங்கள்.

ஜெலட்டின் 35 டிகிரியிலேயே இளகிவிடும். திருச்சி மே மாதத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உறைந்த பாசி மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். தவிர, ஜெலட்டின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எங்கள் வீடுகளில் எந்த விலங்கு என்று பார்த்துத்தான் வாங்குவோம், சைவ வீடுகளுக்கோ ஆகவே ஆகாது.

இன்னொன்று. திட்டுத் திட்டானால் எறியாதீர்கள். அப்படியே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் மறுபடி கரைந்து, நன்றாகவே உறையும். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர், அதாவது இதே சைனா கிராஸ், எடுக்கிறார்கள். அந்தப் பாடு தெரிந்ததால் எனக்கு அதை வீணாக்க மனசே வராது.

கேள்வி: அடுப்பே பற்ற வைக்காமல் ஏதாவது இனிப்பு சொல்லுங்களேன்.
- வாசகி, விருதுநகர்

இது நுங்குக் காலம். இளம் நுங்காகப் பார்த்துத் தோலுரித்து, கையாலேயே பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும். முதல்நாள் இரவே ஊறவைத்த பாதாம் பிசின், கெட்டித் தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள், துளி உப்பு சேர்த்தால் போதும். பச்சைத் தேங்காய்ப்பால் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், சாப்பிட உட்காரும்போது பிழிந்து ஊற்றுங்கள்.