புதிய அணைக்குக் கிடைக்கும் பணம் பழைய மதகுக்கு ஏன் கிடைப்பதில்லை? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையில் புதிய தடுப்பணை, புதிய பாலம் என்று அறிவிப்புகள் வருகின்றன. எங்கள் கண்மாயின் மதகு பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியும், கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அரசிடம் உண்மையிலேயே பணம் இல்லையா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: பணம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதே உங்கள் மதகின் கதியைத் தீர்மானிக்கிறது. அரசின் செலவுகள் வருவாய்க் கணக்கு, மூலதனக் கணக்கு என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. புதிய அணை கட்டினால் அது சொத்தை உருவாக்கும் மூலதனச் செலவு. ஆனால் இருக்கும் மதகுக்குக் கதவு மாற்றுவதும் கரையைப் பலப்படுத்துவதும் போன்ற வழக்கமான பராமரிப்போ சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியங்கள் ஆகியவற்றோடு வருவாய்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வருவாயைவிட வருவாய்க் கணக்குச் செலவு மிகும் அளவான வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்று 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் அரசைக் கட்டுப்படுத்துகிறது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் குறைக்க முடியாது. மானியத்தில் கை வைக்க எந்த ஆட்சியும் தயங்கும். எனவே எவரும் குரல் எழுப்பாத பராமரிப்பின் மீதுதான் கத்தரி விழுகிறது. மாநிலங்களுக்கு மத்திய அரசு 2020-21 முதல் வழங்கிவரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடனும் மூலதனப் பணிகளுக்கே உரியது என்பதால், புதிதாகக் கட்டும் நாட்டம் இன்னும் வலுப்பெறுகிறது.

இதன் விளைவு விபரீதமானது. பழுதைச் சிறியதாக இருக்கும்போதே சரிசெய்தால் அது பற்றாக்குறையைக் கூட்டும் செலவு. இடிந்து விழும்வரை விட்டுப் புதிதாகக் கட்டினால் அது வளர்ச்சிக்கான முதலீடு. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் பக்கம் இருந்த ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் பார்த்தோம். மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகை தாழ்ந்ததும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. காரணம் எதுவாயினும், அதன் பிறகு அங்கே புதிய கதவணை கட்டுவதற்கு நிதி கிடைத்தது. என்னைக் கேட்டால், எந்தப் புதிய நீர்ப்பாசனப் பணிக்கும் ஒப்புதல் அளிக்கும் அன்றே அதன் ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையையும் ஒதுக்கி, அந்தத் தொகையை வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி விதி செய்ய வேண்டும். அத்தகைய உறுதி தர முடியாத அரசு அந்தப் பணியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: குடிமராமத்துத் திட்டத்தில் எங்கள் ஏரி தூர்வாரப்பட்டது. மழையும் பெய்தது, ஆனாலும் ஏரி நிரம்பவில்லை. தூர்வாரியது வீண்தானா?
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: தூர்வாரியது வீண் அல்ல, ஆனால் ஏரி என்பது நீர் தேங்கும் பரப்பு மட்டும் அல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதி, வரத்துக் கால்வாய், கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கு, அங்கிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் போக்கு என்ற தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவற்றுக்குச் செய்த செலவு பயன் தராது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் கண்மாயின் கலங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர் வரும். வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பாலோ சீமைக் கருவேலத்தாலோ அடைபட்டிருந்தால், ஏரியை எத்தனை அடி ஆழப்படுத்தினாலும் நீர் வந்து சேராது.

நிதி ஒதுக்கும் முறையே இந்தத் தவறுக்கு வழிசெய்கிறது. 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோது 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒரு பணிக்கு ஏழு லட்சத்துக்கும் குறைவு. அந்தத் தொகையில் முட்செடிகளை அகற்றலாம், கரையில் மண் போடலாம். கலங்கைக் கட்டி, மதகைப் புதுப்பித்து, தொலைவிலிருந்து வரும் கால்வாயையும் மீட்க முடியாது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையிலும், கூலிக்கு 60 சதவீதத்துக்குக் குறையாமல் செலவிட வேண்டும் என்ற விதி இருந்ததால், கல்லும் சிமெண்டும் இரும்பும் தேவைப்படும் வேலைகள் ஓரளவுக்கு மேல் இடம்பெற முடியவில்லை. மண்வேலை நடந்தது, மதகு அப்படியே நின்றது.

தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகளில் ஏறத்தாழ 14,000 மட்டுமே நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு உரியவை. ஒரே சங்கிலியில் உள்ள இரண்டு கண்மாய்கள் இரண்டு அலுவலகங்களின் கோப்புகளில் கிடக்கும்போது, தனித்தனி ஏரிக்கு அல்லாமல் முழுச் சங்கிலிக்கும் ஒரே மதிப்பீடு தயாரித்து, ஒரே பொறியாளரைப் பொறுப்பாக்கி, மேலிருந்து கீழாக வேலையை நடத்துவதே முறையாகும். ஆண்டுக்குக் குறைந்த எண்ணிக்கையில் சங்கிலிகளை எடுத்தாலும் முழுமையாக முடிப்பது, ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குச் சிறுசிறு தொகைகளைப் பகிர்ந்தளிப்பதைவிட உழவருக்குப் பயன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: உழவர்களின் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரத்துக்குச் செலவாகும் பணத்தை ஏரிகளுக்குத் திருப்பிவிட்டால் என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வரிசையை மாற்றிச் செய்தால் ஆபத்து. ஏரிப் பாசனம் நலிந்ததால்தான் பலர் கடன் வாங்கிக் கிணறு வெட்டினார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஏரியைச் சரிசெய்யாமல் மின்சாரத்தை முதலில் நிறுத்தினால், அரசின் புறக்கணிப்புக்கான விலையை உழவர் இரண்டாவது முறையும் கொடுக்க நேரிடும். அதேவேளையில், 1990 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சலுகை நிலத்தடி நீரை அளவின்றி இறைக்கத் தூண்டுகிறது என்பதையும் மறுக்க முடியாது. 2021இல் தொடங்கிய தனி வேளாண் நிதிநிலை அறிக்கையின் மொத்தத் தொகையில் இந்த மானியமும் அடங்கும் என்பதால், அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து வேளாண்மையில் அவ்வளவும் புதிதாக முதலீடு செய்யப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஏரிகள் மீட்கப்படும் பகுதிகளில் முதலில் மின் பயன்பாட்டை அளவிடத் தொடங்கி, சிறு, குறு உழவருக்கு 100 சதவீத மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர், தெளிப்புநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தைப் பரவலாக்குவதே நியாயமான தொடக்கம்.

கேள்வி: அறிவிக்கப்பட்ட தொகை செலவானதா என்று சாதாரண மக்கள் எப்படி அறிவது?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நிதிநிலை ஆவணங்களில் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கும். செய்தித்தாள்களில் வருவது முதலாவது மட்டும். மூன்றாவது பின்னர் வரும் ஆண்டுகளின் ஆவணத்தில்தான் கிடைக்கும், அதைத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரின் பணிக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் நகலையும் நடந்த வேலையின் அளவைப் பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்தே கேளுங்கள். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் அவற்றை வாசித்து, மதகும் கலங்கும் வரத்துக் கால்வாயும் அந்த மதிப்பீட்டில் இடம்பெற்றிருந்தனவா என்ற கேள்வியைத் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள்.