ஆய்வேட்டில் இணைய ஆதாரத்துக்கு லிங்க் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. நீங்கள் மதுரைப் பக்கம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர் முதலில், லிங்க் கடைசியில். நாளைக்குத் தளமே முகவரி மாறினாலும் அந்த நாலை வைத்துத் தேடிப் பிடித்துவிடலாம்.

கீழடியையே எடுங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிட்டு யூடியூப் லிங்க் ஒட்டுகிறார்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை இருக்கும்போது அது எதற்கு? துறையின் பெயர், 2019, பக்க எண் போடுங்கள். பக்க எண் என்பது தாளில் அச்சான எண். பிடிஎஃப் திரை காட்டுவது அல்ல. அட்டை, முன்னுரை எல்லாம் சேர்வதால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் எடுத்த ஸ்கேன் நூலுக்கும் இதே கதைதான்: நூலின் பதிப்பாண்டைப் போடுங்கள், இணையத்தில் ஏற்றிய ஆண்டை அல்ல. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குப் பெயரில்தான் மதுரை. அதன் தட்டச்சுப் பாடத்தில் அச்சுப் பக்கத்தை நம்ப முடியாது. பாட்டு எண், அடி எண் கொடுங்கள்.

பக்கத்தைப் பார்த்த தேதியை, மேற்கோள் முறைகளில் ஒன்றான ஏபிஏ (APA) 7ஆம் பதிப்பு, மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்குத்தான் கேட்கிறது. டிஓஐ (கட்டுரைக்குத் தரும் நிரந்தர அடையாள எண்) இருந்தால் தேதி வேண்டாம். நெறியாளர் எல்லாவற்றுக்கும் கேட்டால் போட்டுவிடுங்கள், மல்லுக்கு நிற்காதீர்கள். விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். விக்கிப்பீடியாவே ஆய்வுப்பொருளாக இருந்தால் என்ன செய்வது? பக்கத்தின் நிலையான இணைப்பைக் கொடுங்கள், நீங்கள் பார்த்த வடிவமே திறக்கும். செய்தித்தளப் பக்கமென்றால் அன்றைக்கே, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள்.

தமிழ் முகவரியைக் காப்பி செய்தால் 'மதுரை' என்ற மூன்றெழுத்தே சதவீதக் குறியும் ஆங்கிலமுமாக 45 குறியாக நீளும். விக்கிப்பீடியாவின் நிலையான இணைப்பிலும் தலைப்பு சேர்ந்தே வருவதால் அதே தொல்லைதான்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: ஒப்புமைச் சதவீதத்தை (ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற கணக்கை) குறைக்கிறேன் என்று மேற்கோளையே உருவும் கூட்டம். முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் ஒப்புமைக் கணக்கில் சேராது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதியே சொல்கிறது. 10 சதவீத வரம்பு மிச்சத்துக்குத்தான்.

டைப்பிங் சென்டரில் கொடுத்தால் நூற்பட்டியலை நீங்களே பாருங்கள். முழுப்பக்கத்தையும் செலக்ட் செய்து பாமினிக்கு (ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழெழுத்தைக் காட்டும் எழுத்துரு) மாற்றினால் 'எச்டிடிபி' என்பது ஒரு துணைக்கால், இரண்டு 'வ', ஒரு மேல்விலங்கு (ி) என்று அச்சாகும். லிங்க் வரிகளை மட்டும் தேர்ந்து ஆங்கில எழுத்துருவுக்குத் திருப்பச் சொல்லுங்கள். பைண்டிங் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.